பாம்பைப் பிடிக்கும் முறை: யாழ்ப்பாணத்தில் பௌத்தம் கற்கத் தொடங்குதல் பற்றி

ஒரு சமயத்தைக் கற்கப் புகுவோன் எந்நூலை முதலில் எடுக்க வேண்டும் என்பது பெரும்பாலான இடங்களில் வசதி பற்றிய வினாவே. இலண்டனிலோ சென்னையிலோ பௌத்தத்தை அறிய விழையும் ஒருவனுக்கு நூலகர் ஒருவர் இரண்டு நல்ல நூல்களை எடுத்துக் கொடுத்தால் போதும். எஞ்சியதை அவனது ஆர்வம் பார்த்துக்கொள்ளும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலைமை அத்தகையதன்று. இங்கே பௌத்தம் என்ற சொல், பௌத்த நூல் எதுவும் கைக்கு எட்டுவதற்கு முன்னரே வந்து சேர்ந்துவிடுகின்றது. 1972 ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடத்தை வழங்கியது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் தனது ஒன்பதாம் உறுப்புரையில் அதனை நிலைநிறுத்திப் புத்த சாசனத்தைப் பாதுகாத்தலும் பேணி வளர்த்தலும் அரசின் கடமை என்றது. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. போருக்குப் பின்னர் தையிட்டியில் எழுந்த விகாரை தங்கள் காணியில் அமைந்துள்ளதென்று உரிமையாளர்கள் 2023 ஆம் ஆண்டு முதல் போராடி வந்துள்ளனர். இச்சூழலில் வளர்ந்த ஒரு மாணவன் பௌத்தம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நினைப்பது நான்கு வாய்மைகளை அன்று. காவலரணையும் வேலியையும் அரசாணையையுமே நினைக்கின்றான். அவ்வாறு நினைப்பதற்காக அவனைக் குறைகூற இயலாது.

ஆதலின் இங்கு எழும் வினா ஒழுக்கவியல் சார்ந்தது. ஒரு போதனை தன்னை ஒடுக்கும் அதிகாரத்தின் அடையாளமாகவே தனக்கு அறிமுகமாகியுள்ளபோது, அப்போதனையை நேர்மையாகக் கற்பது ஒருவனுக்கு இயலுமா? இயலுமாயின், அவ்வாறு கற்க வேண்டும் என்று அவனிடம் கேட்பது நியாயமா?

அதிகாரம் தந்த அறிமுகத்துக்கு முன்னரே இன்னோர் அறிமுகமும் யாழ்ப்பாணத்துச் சைவ இல்லங்களில் நிகழ்ந்துவிடுகின்றது என்பது பலராலும் கவனிக்கப்படுவதில்லை. திருஞானசம்பந்தரின் பதிகங்களைப் பாடமாக்கும் சிறுவன், பதிகந்தோறும் பத்தாம் பாடலில் சமணரும் சாக்கியரும் பழிக்கப்படுவதைப் பொருளறியாமலே மனனஞ் செய்கின்றான். கோயில்களில் திருவாதவூரடிகள் புராணப் படனம் நிகழும்போது, ஈழத்திலிருந்து தில்லைக்கு வந்த புத்த குருவை மணிவாசகர் வாதில் வென்றதும், ஈழ மன்னனின் ஊமைப் பெண் வாய்திறந்து விடை பகர்ந்ததும் உரைகாரரின் குரலில் அவன் செவியில் விழுகின்றன. பின்னர் சைவசித்தாந்தத்தை முறையாகப் பயில்வானாயின், சிவஞான சித்தியார் பரபக்கத்தில் பௌத்தர் நால்வகையினராக வரிசையில் நின்று மறுக்கப்படுவதைக் காண்கின்றான். பரபக்கம் எளிதாக ஒதுக்கத்தக்க நூலன்று. எதிராளியின் கொள்கையை முதலில் எடுத்துரைத்து அதன்பின்னரே மறுக்கும் அந்நெறி, இன்றைய மேடைப் பேச்சாளர் பலருக்கும் வாய்க்காத பண்பு. ஆயினும் அருணந்தி சிவாசாரியார் மறுத்த சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர் என்ற நால்வர் வட இந்திய மரபு வகுத்த பிரிவினர். இலங்கையில் நிலைபெற்ற தேரவாதம் அவ்வரிசையில் தன்பெயரோடு நிற்கவில்லை. பரபக்கத்தை மட்டும் கற்று, அண்டை ஊர் விகாரையில் ஓதப்படுவது இன்னதென்று அறிந்துவிட்டதாக எண்ணுபவன், ஒருவனது முகவரியை வைத்துக்கொண்டு இன்னொருவனது வீட்டுக் கதவைத் தட்டுபவன் ஆவான்.

இவ்விரு அறிமுகங்களோடும் வரும் மாணவனுக்கு முதலில் காட்டத்தக்க பௌத்தப் பகுதி எது? தம்மபதம் எனப் பலர் விடையிறுப்பர். அது தவறன்று, எனினும் யாழ்ப்பாண மாணவனுக்கு மச்சிம நிகாயத்தின் இருபத்திரண்டாவது சூத்திரமே முந்தியதாகப் பொருந்தும். அரிட்டன் என்னும் பிக்கு புத்தரின் போதனையைத் திரித்துப் பொருள்கொண்டு அதனை வலியுறுத்தி நின்றபோது நிகழ்ந்த உரையாடல் அது. சிலர் போதனையைக் கற்பது அதன் பொருளை ஆராய்வதற்காக அன்று, பிறரைக் குற்றங்கூறுவதற்கும் வாதத்தில் தம்மைக் காத்துக்கொள்வதற்குமே என்று புத்தர் அதில் எடுத்துக்காட்டுகின்றார். அத்தகையோர் பாம்பு தேடிச் சென்று, கண்ட பாம்பை வாலிலோ உடலிலோ பற்றுபவரை ஒப்பர். அது திரும்பிக் கையைத் தீண்டும். கவைக்கோலால் தலையை அழுத்திக் கழுத்தில் பிடிப்பவனுக்கு அது தீங்கு செய்யாது. தனது போதனையையே பாம்புக்கு உவமித்த ஆசான் உலகச் சமய வரலாற்றில் அரியவர். நல்ல மருந்து என்றோ விளக்கு என்றோ மட்டும் கூறிவிட்டு அவர் நின்றிருக்கலாம். கற்கும் முறை பிழைத்தால் போதனையே நஞ்சாகும் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

வாலில் பிடிக்கும் முறைகளுள் இரண்டு யாழ்ப்பாணத்தில் மிக வழக்கமானவை. அவற்றுள் முதலாவதை விளங்கிக்கொள்வதற்குக் கந்தரோடைக்குச் செல்ல வேண்டும். சுன்னாகத்துக்கு அண்மையில், பனங்கூடல்களும் தோட்டங்களும் சூழ்ந்த அவ்விடத்தில் முருகைக்கல்லால் ஆன சிறு தாதுகோபங்கள் கூட்டமாக நிற்கின்றன. போல் ஈ. பீரிஸ் இவ்விடத்துப் பௌத்த எச்சங்களை ஆராய்ந்து 1917 ஆம் ஆண்டு முதல் கட்டுரை வரைந்தார். 1970 ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருட் காட்சியகத்தினர் இங்கு அகழாய்வு செய்தனர். 1936 ஆம் ஆண்டில் வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேடு, வசப மன்னன் காலத்தில் நாகதீபத்தில் விகாரை ஒன்று அமைக்கப்பட்டதைக் கூறுகின்றது. அதன் மொழி பற்றிய வாதம் அறிஞரிடையே நீண்டகாலம் நடந்துள்ளது. இவை அனைத்தும் கற்கவேண்டிய செய்திகளே. ஆனால் இச்சின்னங்களை முன்வைத்து ஒரு தரப்பினர் இவ்விடம் என்றும் சிங்களவருடையது என்கின்றனர். மறுதரப்பினர் இவை தமிழ்ப் பௌத்தரின் சின்னங்கள், ஆகவே இவ்விடம் என்றும் தமிழருடையது என்கின்றனர். பிந்திய கூற்றில் வரலாற்று உண்மை மிகுதியாக இருத்தல் கூடும். காஞ்சியும் நாகபட்டினமும் பௌத்தத்தின் பெருநிலையங்களாய் விளங்கியதை மயிலை சீனி. வேங்கடசாமி 1940 ஆம் ஆண்டில் வெளியிட்ட பௌத்தமும் தமிழும் என்ற நூல் விரித்துரைத்தது. தமிழரிடையே நிலவிய பௌத்தத்தைப் பேராசிரியர் ஆ. வேலுப்பிள்ளை, பீட்டர் சால்க் முதலியோர் பிற்காலத்தில் விரிவாக ஆராய்ந்தனர். எனினும் ஒரு காணியுறுதியை வாசிப்பதுபோல் பௌத்தத்தை வாசிப்பவன், அது எத்தரப்புக் காணியுறுதியாயினும், பௌத்தத்தைக் கற்கவில்லை. யாவும் நிலையாதன என்று போதித்தவரின் தாதுகோபத்தை நிலத்தின் எல்லைக்கல்லாக நடுவதில் உள்ள முரண் இரு தரப்பினருக்கும் பொதுவானது.

இரண்டாவது முறை கூரியது. நியாயமுடையதும் போலத் தோன்றுவது. அகிம்சையைப் போதித்த புத்தரின் பெயரால் இக்கொடுமைகள் நிகழலாமா என்று கேட்பதற்காகவே பௌத்தத்தைக் கற்பது அது. இவ்வினா கேட்கப்பட வேண்டியதே. அதனைக் கேட்கும் உரிமை குடாநாட்டு மக்களுக்கு உண்டு. ஆயினும் இவ்வினாவுக்கு வேண்டிய அளவு பௌத்தம் மிகச் சிறிது. இரண்டு சுலோகங்களை எடுத்துக்கொண்டால் போதும். எதிராளியை நாணச் செய்வதற்கென்று கற்பவன், அந்நோக்கம் நிறைவேறிய இடத்திலேயே கல்வியையும் நிறுத்திவிடுகின்றான்.

இங்கு ஒரு தடை எழும். பாதிக்கப்பட்டவனுக்கே நேர்மையான வாசிப்பைப் போதிப்பது கொடிது அன்றோ? நூலகத்தை இழந்த ஊராரை நோக்கி, எரித்தவர் வணங்கும் போதனையைப் பரிவோடு கற்பீராக எனக் கூறுவதில் ஒருவகைக் கயமை இருக்கின்றது. இத்தடை வலிமையானது. இதனை ஒதுக்கிவிட்டு அன்பு, பொறை, நல்லிணக்கம் என்று பேசும் கட்டுரைகள் ஏராளம்; அவை எவர் மனத்தையும் மாற்றியதாகத் தெரியவில்லை. இதற்குத் தரத்தக்க விடை குறுகியது. பௌத்தத்தைக் கற்கும் கடமை எவருக்கும் இல்லை. சைவனோ கிறித்தவனோ இசுலாமியனோ நாத்திகனோ அதனைக் கல்லாமலே நல்வாழ்வு வாழலாம். ஆனால் அறிய வேண்டும் என்ற விருப்பம் ஒருவனுக்குத் தானாகத் தோன்றிவிட்டால், அவ்விருப்பத்தைச் சினத்தின் கையில் ஒப்படைப்பதனால் நட்டமடைபவன் அவனே. விளங்கிக்கொள்ளுதல் வேறு, மன்னித்தல் வேறு. முன்னையது பின்னையதற்கு எவ்வகையிலும் பிணை நிற்பதில்லை.

இதற்குச் சான்றாக ஒரு கவிதையைச் சுட்டலாம். நூலக எரிப்பைக் குறித்து எம். ஏ. நுஃமான் எழுதிய புத்தரின் படுகொலை என்ற கவிதையில், புத்தரே சுட்டுக் கொல்லப்பட்டு நூல்களோடு எரிக்கப்படுகின்றார். எரியும் நூல்களுள் சிகாலோவாத சூத்திரமும் தம்மபதமும் பெயர் சுட்டப்படுகின்றன. சிகாலோவாத சூத்திரம் யாது என அறியாத வாசகனுக்கும் அக்கவிதையின் சினம் புலப்படும். ஆனால் பெற்றோர், ஆசிரியர், நண்பர், ஏவலர் ஆகியோரோடு இல்லறத்தான் ஒழுக வேண்டிய முறையைக் கூறும் நூல் அது என்று அறிந்தவனுக்கே, கொளுத்தப்பட்டது எது என்பது முழுமையாகத் தெரியும். பௌத்தத்தை அறிந்த கண்டனம் அறியாத கண்டனத்திலும் ஆழமானது.

மறுபுறம், தூய பௌத்தம் வேறு, அரசியல் பௌத்தம் வேறு என்று எளிதாகப் பிரித்து அமைதியுறுவதும் தொடக்க மாணவன் தவிர்க்க வேண்டிய ஒன்று. வல்பொல ராகுல தேரர் 1959 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட, புத்தர் போதித்தவற்றை விளக்கும் நூல் உலகெங்கும் தொடக்கநிலையினருக்குப் பரிந்துரைக்கப்படுவது. தெளிவில் அதனை விஞ்சும் சிறுநூல் அரிது. அதே தேரர் 1946 ஆம் ஆண்டில் சிங்களத்தில் எழுதிய பிக்குவின் உரிமை பற்றிய நூல், பிக்குகள் நாட்டின் அரசியலில் ஈடுபடுதல் அவர்தம் மரபுரிமை என வாதிட்டது. ஒரே கை எழுதிய இரு நூல்கள். முன்னதை மட்டும் வாசிப்பவன் இலங்கையை விளங்கிக்கொள்ளான். பின்னதை மட்டும் வாசிப்பவன் பௌத்தத்தை விளங்கிக்கொள்ளான். இரண்டையும் ஒருங்கே மேசையில் வைத்துக்கொள்ளும் மனத்துணிவே இத்துறையில் முதற் பயிற்சி.

இனிப் போதனைக்குள் நுழையும் வழி. அங்குத்தர நிகாயத்தில் உள்ள காலாமர் சூத்திரம் தொடக்கத்துக்கு ஏற்றது. பல ஆசிரியர்கள் வந்து ஒருவரை ஒருவர் மறுத்துரைத்துச் சென்றமையாற் குழம்பிய கேசபுத்த நகரத்துக் காலாமர்களின் நிலைமை யாழ்ப்பாண மாணவனின் நிலைமையை ஒத்தது. கேள்வி வழக்கு, பரம்பரை, நூல்மரபு, தருக்கம், ஆசானின் பெருமை ஆகியவற்றுள் எதனையும் மட்டும் நம்பி ஏற்க வேண்டா என்று அவர்களுக்குக் கூறப்படுகின்றது. இச்சூத்திரத்தைப் பகுத்தறிவுப் பிரகடனமாக எடுத்துரைப்பார் உளர். அது பாதி உண்மை. பேராசையும் பகைமையும் மயக்கமும் ஒருவனுள் எழும்போது அவை நன்மை பயக்கின்றனவா, தீமை பயக்கின்றனவா என்பதைத் தானே கண்டறியுமாறும், அறிவோர் எதனைப் பழிக்கின்றனர் என்று நோக்குமாறும் அது தொடர்ந்து கேட்கின்றது. ஆராயப்பட வேண்டியது ஆசிரியரின் கூற்று மட்டுமன்று. கேட்பவனின் பகைமையும் ஆராய்ச்சிக்குரியது. யாழ்ப்பாணத்தில் இதனை வாசிப்பவன் இவ்விடத்தில் சற்றே தயங்குவான். தயங்குதல் நன்று.

அடுத்து நான்கு வாய்மைகள். இங்கு துக்கம் என்பதனைத் துன்பம் என மட்டும் பெயர்த்துக்கொள்வதால் விளையும் மயக்கம் பெரிது. வாழ்வு முழுவதும் அழுகையே எனக் கூறும் சமயம் என்று பௌத்தம் பழிக்கப்படுவதற்கு இம்மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். இன்பமும் நிலைத்து நில்லாமையால் நிறைவு தராது என்பதையும் அச்சொல் அடக்கும். தமிழில் இக்கலைச்சொற்களைத் தேட வேறெங்கும் செல்லத் தேவையில்லை. மணிமேகலையின் முப்பதாம் காதை பன்னிரு சார்புகளையும் பேதைமையில் தொடங்கி வேட்கை, பற்று, பவம் எனத் தமிழில் அமைத்துத் தருகின்றது. ஆயினும் அக்காப்பியத்தை ஈற்றிலிருந்து தொடங்கலாகாது. இருபத்தொன்பதாம் காதையின் அளவையியல், தேர்ந்த மாணவரையே திணறச் செய்வது; அதனைத் தொடக்கத்தில் எடுத்துக்கொண்டு நூலையே மூடிவைத்தோர் பலர். ஆபுத்திரனின் கதையும், அமுதசுரபியும், சிறைக்கோட்டம் அறக்கோட்டமான செய்தியுமே நுழைவாயில். பசித்தோனுக்கு உணவிடுதலை அறத்தின் தலையாக வைத்து, அதன்பின்னரே தருக்கத்துக்கு வருகின்றார் சாத்தனார். அவ்வரிசையிற் பொருள் உண்டு.

அமுதசுரபி வைகாசி விசாக முழுநிலவில் தோன்றுவதாகக் கூறப்படும் கோமுகிப் பொய்கை மணிபல்லவத்தில் உள்ளது. முதலியார் செ. இராசநாயகம் 1926 ஆம் ஆண்டில் வெளியிட்ட பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலில் மணிபல்லவத்தை யாழ்ப்பாணத்தோடு தொடர்புபடுத்தினார். நயினாதீவே அது என்பாரும் உளர். நாகமன்னர் இருவர் ஓர் இருக்கைக்காகப் பொருத, புத்தர் இடைநின்று போரைத் தணித்த கதையை மணிமேகலை மணிபல்லவத்திலும் மகாவம்சம் நாகதீபத்திலும் வைத்துக் கூறுகின்றன. தமிழ்க் காப்பியமும் பாளி வரலாற்று நூலும் ஒரே கதையைப் பேணியுள்ளன. கதையோ உரிமைப்பிணக்கு பற்றியது. இன்று அத்தீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் அருகருகே உள்ளன. இரண்டுக்கும் ஒரே படகுத்துறைகளால் மக்கள் செல்கின்றனர்.

சைவப் பின்னணியோடு வரும் மாணவனுக்குப் போதனையில் உண்மையான இடர் தரும் இடம் அநாத்மக் கொள்கையே. பதியைப் போலவே பசுவும் அநாதி என்பது சித்தாந்தம். உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்ற ஐந்தின் தொகுதிக்கு அப்பால் நிலைத்த உயிர் என ஒன்றில்லை என்பது பௌத்தம். வண்டிலின் சில்லும் அச்சும் நுகமும் தனித்தனியே வண்டில் ஆகா. அவற்றை நீக்கியபின் வண்டில் என எஞ்சுவதும் யாதுமில்லை என்று நாகசேனர் மிலிந்த மன்னனுக்கு விளக்கியது இதனையே. இவ்விரு கொள்கைகளையும் இணக்கிவிட முயலும் ஆர்வலர் உளர். ஆணவமலமும் பௌத்தர் கூறும் நான் என்னும் செருக்கும் ஒன்றே என்பர். ஒப்புமை உண்டு, ஒருமை இல்லை. சித்தாந்தத்தில் மலம் நீங்கியபின் உயிர் இறைவன் திருவடியைச் சேர்கின்றது. பௌத்தத்தில் அவ்வாறு சேர்வதற்கு ஓர் உயிரும் இல்லை, சேரப்படும் இறைவனும் இல்லை. வேறுபாட்டை வேறுபாடாகவே விட்டுவைப்பது இருசமயங்களுக்கும் செய்யும் மரியாதை. பெரியபுராணத்துச் சாக்கிய நாயனார் புத்தர் வேடத்தைக் களையாமலே நாள்தோறும் சிவலிங்கத்தின்மேல் அன்போடு கல்லெறிந்தவர். அவ்வேடத்தோடேயே சைவமரபு அவரை அறுபத்து மூவருள் வைத்துக்கொண்டது.

சாதியைக் குறித்த வினா இவ்விடத்தில் தவிர்க்க இயலாதது. பௌத்தம் அனைவருக்கும் அதிகாரத்தின் முகத்தோடு மட்டும் வரவில்லை. அயோத்திதாசர் 1898 ஆம் ஆண்டில் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியபோதும், அம்பேத்கர் 1956 ஆம் ஆண்டு ஒக்டோபர் 14 ஆம் நாள் நாகபுரியில் தம் மக்களோடு பௌத்தம் தழுவியபோதும், அது விடுதலையின் பெயராகவே விளங்கியது. குடாநாட்டிலும் 1960களில் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தோர் சிலர் பௌத்தத்தை நாடினர். பௌத்த பாடசாலைகள் சிலவும் தோன்றின. 1968 ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயில் சிலருக்கு மூடப்பட்டிருந்தமையை நினைவுகூர்வோர், அந்நாட்டத்தைச் சூழ்ச்சி என்று மட்டும் கூறி அமையார். சுத்தநிபாதத்து வாசெட்ட சூத்திரம், புல்லுக்கும் பூச்சிக்கும் பறவைக்கும் பிறப்பால் அடையாளம் உண்டு, மாந்தருக்கு அவ்வாறில்லை, செய்கையே ஒருவனை உழவனாகவும் கள்வனாகவும் ஆக்குகின்றது என்று கூறுகின்றது. ஆனால் 1753 ஆம் ஆண்டில் இலங்கையில் தோன்றிய சியம் நிக்காயம் உயர்சாதியினருக்கே உபசம்பதை வழங்கியமையும், அதற்கு மாறாகவே 1803 ஆம் ஆண்டில் அமரபுர நிக்காயம் எழுந்தமையும் வரலாறு. சூத்திரம் கூறியதைச் சங்கம் மறந்தது. தேவாரம் பாடியோரின் வழிவந்தோரும் இவ்விடயத்தில் அதிகம் பெருமை கொள்வதற்கில்லை.

நூல்கள் மட்டும் போதுமா என்ற வினாவும் உண்டு. போதா. அநுராதபுரத்திலோ கண்டியிலோ போயா நாளில் வெள்ளுடை உடுத்துச் சில் எடுத்துப் போதிமர நிழலில் அமர்ந்திருக்கும் முதியவளும், வெசாக் இரவில் வழிப்போக்கர் எவர் எனக் கேளாது தன்சல் அமைத்து உணவிடும் இளைஞரும் பௌத்தரே. அரசியலமைப்பின் உறுப்புரை அவர்களை முழுமையாக விளக்காது, அபிதம்மமும் விளக்காது. தென்னிலங்கைப் பல்கலைக்கழகங்களில் பயிலும் தமிழ் மாணவர்க்கு இவர்களைக் காணும் வாய்ப்பு உண்டு. கண்டும் காணாதிருப்பதே வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கம் மறுபக்கத்திலும் குறைந்ததன்று.

இவ்வாறு எல்லை கடந்து கற்றல் யாழ்ப்பாணத்தாருக்குப் புதியதும் அன்று. சோழர் காலத்துப் பௌத்தரான புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியத்தை 1881 ஆம் ஆண்டில் ஏட்டிலிருந்து அச்சேற்றியவர் சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. அதற்கு ஏழாண்டு முன்னர், 1874 ஆம் ஆண்டில், யாழ்ப்பாணத்தில் வேர்கொண்ட குடும்பத்தவரான சேர் முத்து குமாரசுவாமி சுத்தநிபாதத்தின் முப்பது சூத்திரங்களைப் பாளியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். அவர் சைவர். டென்மார்க்கு அறிஞர் பௌசுபோலின் முழுமையான மொழிபெயர்ப்பு வந்தது 1881 ஆம் ஆண்டிலேதான். பௌத்தத்தின் மிகப் பழைய நூல்களுள் ஒன்றை ஆங்கிலம் அறிந்த உலகுக்கு முதலில் காட்டியது ஒரு தமிழரின் கை.

அச்சுத்தநிபாதத்தில் அட்டக வர்க்கம் என்ற பகுதி உண்டு. கொள்கைகளைப் பற்றிக்கொண்டு பூசலிடுவோரைப் பற்றியே அதன் சூத்திரங்கள் பெரிதும் பேசுகின்றன. தொடக்க மாணவன் அதனை இரண்டாம் ஆண்டில் எடுத்துக்கொள்ளலாம். அதிலுள்ள அத்ததண்ட சூத்திரத்தில் புத்தர் தமக்கு நேர்ந்த கலக்கத்தைத் தாமே கூறுகின்றார்: கோலைக் கையில் எடுத்தமையாலேயே அச்சம் பிறந்தது, நீர் வற்றிய குட்டையில் மீன்கள் ஒன்றையொன்று முட்டித் துள்ளுவதுபோல் மாந்தர் பகைத்துத் துடிப்பதைக் கண்டு அவர் அஞ்சினார், பின்னர் அவர்களது நெஞ்சில் தைத்திருந்த முள்ளைக் கண்டார். ஆடி மாதத்தில் வற்றும் குளங்களைக் கண்டு வளர்ந்தவனுக்கு அவ்வுவமைக்கு உரை வேண்டியதில்லை.